சொகுசுக் கப்பலில் 'டிப்ஸ்': அன்பளிப்பா, கூலியா?

சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவு கப்பல் பயணம் சென்று வந்த சகோதரர் ஒருவர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். கடைசி நாள் காலையில் அறைக் கதவின் அடியில் செருகியிருந்த பில்லைப் பார்த்திருக்கிறார். தாம் கேட்காத, யாருக்கும் கையால் கொடுக்காத ஒரு தொகை, குடும்பத்தில் ஒவ்வொருவர் பெயரிலும் நாள் கணக்கில் ஏறியிருந்தது. அதற்கு 'கிராஜுவிட்டி' என்று பெயர். உடன் வந்த ஒருவர், "கவுன்டரில் போய்ச் சொன்னால் எடுத்துவிடுவார்கள், நாங்கள் எடுத்துவிட்டோம்" என்றாராம். வரிசையில் போய் நின்ற நம் சகோதரர், பாதியில் மனம் ஒப்பாமல் திரும்பி வந்துவிட்டார். "நான் செய்தது சரியா? இல்லை, ஏமாந்துவிட்டேனா?" என்பது அவருடைய கேள்வி.

பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கப்பலில் செல்வது இப்போது நம்மவர்களிடமும் பரவி வருகிறது. சிங்கப்பூரிலிருந்தும், குளிர்காலத்தில் துபாயிலிருந்தும் பெரிய கப்பல்கள் புறப்படுகின்றன. பயண முகவர்கள் டிக்கெட் விலையைச் சொல்வார்கள், உணவு இலவசம் என்பார்கள். இந்தத் தொகையைப் பற்றி மட்டும் பலர் வாய் திறப்பதில்லை. எனவே இது என்ன, எங்கிருந்து வந்தது, யாருக்குப் போகிறது, நாம் எப்படி நடந்துகொள்வது நல்லது என்பதை இங்கே விளக்குகிறோம்.

பெயரிலேயே குழப்பம்

நம் நாட்டில் கிராஜுவிட்டி என்றால், ஒருவர் பல ஆண்டுகள் வேலை செய்து விலகும்போது நிறுவனம் தரும் பணிக்கொடை. கப்பலில் அந்தப் பொருள் இல்லை. அங்கே அது டிப்ஸுக்கு உள்ள மரியாதையான பெயர். ஹோட்டலில் சாப்பிட்டு எழும்போது தட்டில் வைக்கும் சில்லறை, வளைகுடாவில் பக்‌ஷீஷ் என்பார்களே, அதே இனம்தான்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தட்டில் வைப்பது நம் விருப்பம். கப்பலில் அந்தத் தொகையை நிறுவனமே முடிவு செய்து நம் கணக்கில் ஏற்றிவிடுகிறது. சில நிறுவனங்கள் இதை 'சர்வீஸ் சார்ஜ்' என்கின்றன, சில 'குழுப் பாராட்டுத் தொகை' என்கின்றன. பெயர் எதுவானாலும் பில்லில் ஏறும் விதம் ஒன்றுதான்.

கணக்கு எவ்வளவு?

அமெரிக்கக் கப்பல் நிறுவனங்களில் சாதாரண அறைக்கு ஒரு நபருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 16 டாலர் முதல் 20 டாலர் வரை, சில நேரம் அதற்கு மேலும் வாங்குகிறார்கள். 'சூட்' எனப்படும் பெரிய அறைகளுக்கு இன்னும் அதிகம். தொகை அடிக்கடி ஏறும். கார்னிவல் நிறுவனம் 2023 ஏப்ரலில் சாதாரண அறைக்கான தொகையை 14.50 டாலரிலிருந்து 16 டாலராக உயர்த்தியது ஓர் உதாரணம்.

தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள், பாட்டி என ஐந்து பேர் நான்கு இரவுகள் செல்வதாக வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 18 டாலர் என்றால் 5 பேர், 4 நாட்கள், மொத்தம் 360 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று கணக்கிட்டாலே 30,600 ரூபாய். நடுத்தரக் குடும்பத்துக்கு இது சிறு தொகையல்ல.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் பிள்ளைகளின் கணக்கு. ஒரே அறையில் தங்கும் மூன்றாவது, நான்காவது நபருக்கு டிக்கெட் இலவசம் என்று சில சமயம் விளம்பரம் வரும். டிக்கெட் இலவசமானாலும் கிராஜுவிட்டி இலவசமல்ல. மிகச் சிறிய குழந்தைகளுக்குச் சில நிறுவனங்கள் விலக்குத் தருகின்றன, எல்லா நிறுவனங்களும் தருவதில்லை. முன்பதிவுக்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இது தவிர, கப்பலில் தனியாகக் காசு கொடுத்து வாங்கும் பானங்கள், சிறப்பு உணவகங்கள், ஸ்பா போன்றவற்றின் பில்லில் பல நிறுவனங்கள் 18 முதல் 20 சதவீதம் வரை தாமாகவே சேர்க்கின்றன. மதுவுக்கு மட்டும்தான் இது என்று நினைத்துவிடக் கூடாது. பிள்ளைக்கு வாங்கும் பழச்சாறுக்கும் காபிக்கும் இது பொருந்தும். அந்தப் பில்லில் நாம் கையெழுத்துப் போடும் இடத்தில் 'கூடுதல் டிப்ஸ்' என்று ஒரு வெற்றுக் கோடும் இருக்கும். ஏற்கெனவே சதவீதம் சேர்ந்திருப்பது தெரியாமல் பலர் அதிலும் ஒரு தொகை எழுதி, இரண்டு முறை கொடுத்துவிடுகிறார்கள்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது?

முன்பெல்லாம் கப்பலில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரே சாப்பாட்டு மேசை, ஒரே பரிமாறுபவர், ஒரே அறைப் பணியாளர். பயணத்தின் கடைசி இரவில் உறையில் பணம் வைத்து அவர்கள் கையில் கொடுப்பார்கள். 2000 வாக்கில் நார்வீஜியன் நிறுவனம், விரும்பிய நேரத்தில் விரும்பிய உணவகத்தில் சாப்பிடலாம் என்ற முறையைக் கொண்டுவந்தது. அதன் பிறகு இன்று பரிமாறுபவர் நாளை இல்லை. யாருக்கு உறை கொடுப்பது? எனவே எல்லோரிடமும் நாள் கணக்கில் வாங்கி, மொத்தமாகச் சேர்த்துப் பிரித்துக் கொடுக்கும் முறை பரவியது. இதனால் சமையலறையில் பாத்திரம் கழுவுபவர், துணி வெளுப்பவர் என்று நம் கண்ணில் படாதவர்களுக்கும் ஒரு பங்கு கிடைக்க வழி பிறந்தது.

டிப்ஸை நம்பிக் கூலியைக் குறைக்கும் பழக்கத்துக்கு அமெரிக்காவில் இன்னும் பழைய வரலாறு உண்டு. அங்கே அடிமை முறை ஒழிந்த பின், புல்மேன் என்ற ரயில் பெட்டி நிறுவனம் விடுதலை பெற்ற கறுப்பின மக்களைத் தன் படுக்கைப் பெட்டிகளில் பணியாளர்களாகச் சேர்த்தது. சம்பளம் மிகக் குறைவு, மீதியைப் பயணிகளின் இனாமில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற ஏற்பாடு. அவர்கள் 1925இல் சங்கம் அமைத்து, நிறுவனத்தோடு ஒப்பந்தம் காண 1937 வரை போராட வேண்டியிருந்தது. இன்றும் அமெரிக்காவில் டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி நேரடியாகத் தர வேண்டிய மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர்தான். 1991 முதல் அது மாறவில்லை. டிப்ஸைச் சேர்த்தும் பொதுவான குறைந்தபட்சக் கூலியை எட்டாவிட்டால் மட்டுமே முதலாளி குறையை ஈடு செய்ய வேண்டும்.

பணம் யாருக்குப் போகிறது?

மியாமியில் தலைமையகம் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களின் கப்பல்கள் பலவும் பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடியில் பதிவானவை. அதனால் அமெரிக்காவின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அவற்றின் ஊழியர்களுக்குப் பொருந்தாது. அவர்களில் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா போன்ற நாடுகளிலிருந்து வருபவர்கள். ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தம். அந்த மாதங்களில் வார விடுமுறை என்று ஒன்று பொதுவாக இல்லை. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்வது சாதாரணம்.

கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013 ஆகஸ்ட் 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியாவும் 2015இல் அதை ஏற்றது. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், ஏழு நாளில் 77 மணி நேரமும் ஓய்வு என்பது அதில் உள்ள ஓர் அளவுகோல். அதாவது சட்டத்தை மீறாமலேயே ஒருவரிடம் மிக நீண்ட நேரம் வேலை வாங்க முடியும்.

நாம் காலையில் சாப்பிடப் போய்த் திரும்பும்போது படுக்கை விரித்து, குளியலறை துடைத்து, துண்டுகளை மாற்றி வைத்திருப்பவர் அப்படி உழைப்பவர்தான். இந்தோனேசியாவிலிருந்து வரும் அறைப் பணியாளர்களில் முஸ்லிம்கள் ஏராளம். நம் பெயரைப் பார்த்து ஸலாம் சொல்வார்கள், கேட்டால் கிப்லாவின் திசையை விசாரித்துச் சொல்ல முயல்வார்கள். அவர்களுடைய மாத வருமானத்தில் பெரும்பங்கு இந்தக் கிராஜுவிட்டியாகத்தான் வருகிறது. சில நிறுவனங்களில் குறிப்பிட்ட தொகை உறுதி செய்யப்பட்டிருக்கும், டிப்ஸ் அதை நிரப்பும். வேறு சிலவற்றில் டிப்ஸ் குறைந்தால் வருமானமும் குறையும்.

அப்படியானால் டிக்கெட்டிலேயே ஏன் சேர்ப்பதில்லை?

நியாயமான கேள்வி. சேர்க்க முடியாது என்பதல்ல காரணம். பிரிட்டனின் பி அண்ட் ஓ நிறுவனம் 2019இல் இந்தத் தினசரித் தொகையையே எடுத்துவிட்டது. உயர்ரகக் கப்பல்கள் பலவற்றில் எல்லாம் டிக்கெட்டிலேயே அடக்கம். ஆனால் தனியாக வைத்தால் விளம்பரத்தில் டிக்கெட் விலை குறைவாகத் தெரியும். கலிபோர்னியாவில் 2024 ஜூலை முதல் மறைமுகக் கட்டணங்களைத் தடுக்கும் சட்டம் வந்தபோது, பெரிய கப்பல் நிறுவனங்கள் துறைமுகக் கட்டணத்தையும் வரியையும் விளம்பர விலையில் சேர்க்கத் தொடங்கின. 'விருப்பத்துக்கு உட்பட்டது' என்று வைத்திருக்கும் கிராஜுவிட்டி மட்டும் வெளியேதான் நின்றது.

நம் நாட்டில் நிலைமை வேறு. உணவகங்களும் விடுதிகளும் சர்வீஸ் சார்ஜைத் தாமாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4ஆம் தேதி வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28இல் அதைச் சரி என்று உறுதி செய்தது. ஆனால் வெளிநாட்டுத் துறைமுகத்திலிருந்து வேறு நாட்டுக் கொடியோடு புறப்படும் கப்பலில் போய் இந்த வழிகாட்டுதலைக் காட்ட முடியாது.

ஆக, விலையை முழுமையாகச் சொல்லாமல் பாதியைப் பின்னால் வைப்பது நிறுவனத்தின் குறை. வாங்குபவரும் விற்பவரும் மனம் ஒப்பி, ஒளிவுமறைவின்றிச் செய்வதே வியாபாரம் என்று கற்ற நமக்கு அது உறுத்துவதில் வியப்பில்லை. ஆனால் அந்தக் கோபத்தை யார் மீது காட்டுகிறோம் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

எடுத்துவிடலாமா?

பெரும்பாலான நிறுவனங்களில், பயணம் முடிவதற்குள் விருந்தினர் சேவைக் கவுன்டரில் சொன்னால் தொகையைக் குறைக்கவோ முழுவதும் நீக்கவோ முடியும். இறங்கிய பிறகு கேட்டால் பொதுவாக நடக்காது. சேவை மோசமாக இருந்தால் பயணிக்கு ஒரு வழி இருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

நம் சகோதரரிடம் சொல்லப்பட்டதோ வேறு. நான்கு நாளும் சேவையை முழுமையாகப் பெற்றுக்கொண்டு, சிரித்துப் பேசி, புகைப்படமும் எடுத்துக்கொண்டு, கடைசி மாலை யாருக்கும் தெரியாமல் நீக்கிவிடலாம் என்ற யோசனை. விளம்பரத்தில் விலையைக் குறைத்துக் காட்டிய நிறுவனத்துக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. நஷ்டம் படுக்கை விரித்தவருக்கும், நமக்காகப் பன்றி இறைச்சி கலவாத உணவு எது என்று சமையலறைக்குப் போய்க் கேட்டு வந்தவருக்கும், அவர்களோடு பங்கு பெறும் மற்றவர்களுக்கும்தான்.

"நான் நீக்கிவிட்டு, நேராக அவர் கையிலேயே கொடுத்துவிடுவேன்" என்பாரும் உண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் சில நிறுவனங்களின் விதிப்படி, தொகையை நீக்கியவரிடமிருந்து கையில் வாங்கிய பணத்தை ஊழியர் பொதுப் பங்கில் சேர்த்தாக வேண்டும். அதோடு, கண்ணில் படாத பாத்திரம் கழுவுபவரின் பங்கு அந்த உறையில் இருக்காது.

கூலி, ஹதியா, லஞ்சம்

மார்க்கத் தீர்ப்பு வழங்குவது எங்கள் வேலையல்ல. ஐயம் உள்ளவர்கள் தங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளட்டும். கேட்கும்போது விஷயத்தைச் சரியாக எடுத்துச் சொல்ல உதவும் என்று சில வேறுபாடுகளை மட்டும் முன்வைக்கிறோம்.

முதலாவது கூலி. வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற எச்சரிக்கையும் நாம் அறிந்ததே. கப்பலின் தினசரித் தொகைக்கு டிப்ஸ் என்று பெயர் இருந்தாலும், நடைமுறையில் அது ஊழியரின் கூலியில் ஒரு பகுதி. முன்பதிவின்போது இந்தத் தொகை உண்டு என்று தெரிந்தே நாம் சம்மதித்திருக்கிறோம். தான் வாங்கும்போது நிறைத்து வாங்கி, பிறருக்கு அளக்கும்போது குறைப்பவர்களைக் குர்ஆன் கண்டிப்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

இரண்டாவது ஹதியா. ஒரு பணியாளர் நம் முதியவர்களிடம் தனி அக்கறை காட்டினால், மனமுவந்து அவர் கையில் கொடுப்பது அன்பளிப்பு. இது கட்டாயமல்ல, தினசரித் தொகைக்கு மாற்றும் அல்ல. கூட ஒரு நன்றிச் சொல்லும், அவர் பெயரைக் குறிப்பிட்டுப் பயணக் கருத்துப் படிவத்தில் நல்லபடி எழுதுவதும் அவருடைய பதவி உயர்வுக்குக்கூட உதவலாம்.

மூன்றாவது லஞ்சம். மற்றவர்கள் காத்திருக்க, மேசை ஒதுக்குபவர் கையில் பணம் திணித்து ஜன்னலோர மேசையைப் பிடிப்பது டிப்ஸ் என்ற பெயரில் நடக்கிறது. ஸகாத் வசூலிக்கச் சென்ற ஒருவர், இது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு என்றபோது, அவர் பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது கிடைத்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டதை நாம் படித்திருக்கிறோம். அடுத்தவரின் முறையைப் பணத்தால் பறிப்பது அன்பளிப்பு ஆகாது.

ஸதகாவும் ஸகாத்தும் இதில் சேராது. ஊழியர் ஏழையாக இருக்கலாம், ஆனால் அவர் உழைத்ததற்காக நாம் தருவதை ஸகாத் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது.

மது பரிமாறுபவருக்கும் இந்தப் பணம் போகிறதே என்ற கேள்வியும் வருகிறது. பெரும்பாலான கப்பல்களில் தினசரித் தொகை அறை, உணவகம், அவற்றின் பின்னணிப் பணியாளர்களுக்கானது. மதுக்கூட ஊழியருக்கு அங்கே வாங்கும் பானத்தின் பில்லில் சேரும் சதவீதம் தனி. ஆனாலும் பங்கீடு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், சில உணவகங்களில் ஒரே பணியாளர் இரண்டையும் கொண்டுவருவார். இது உறுத்துமானால், கடைசி நாளில் தொகையை நீக்குவது அதற்குத் தீர்வல்ல. மதுவும் சூதாட்டக் கூடமும் உள்ள கப்பலில் போகலாமா என்பதைப் பதிவு செய்யும் முன்பே ஆலோசித்து முடிவெடுப்பதே சரியான வரிசை.

நாம் என்ன செய்யலாம்?

முகவரிடம் விலை கேட்கும்போதே, கிராஜுவிட்டி டிக்கெட்டில் அடக்கமா, தனியா, ஒருவருக்கு நாளைக்கு எவ்வளவு, பிள்ளைகளுக்கு உண்டா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பயணச் செலவை ஒப்பிடும்போது டிக்கெட், வரி, கிராஜுவிட்டி மூன்றையும் கூட்டி ஒப்பிடுங்கள். மலிவாகத் தெரிந்த கப்பல் அப்போது மலிவாக இல்லாமல் போகலாம். கூட்டிப் பார்த்தபின் கையைக் கடித்தால், ஓர் இரவு குறைவான பயணத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பணியாளரின் பங்கில் கை வைத்துச் சேமிக்க வேண்டியதில்லை.

முடிந்தால் முன்கூட்டியே செலுத்திவிடுங்கள். பெரும்பாலும் பழைய விலையிலேயே முடிந்துவிடும், கடைசி நாள் அதிர்ச்சியும் இருக்காது. முன்பே கட்டியவர்கள் ரசீதை எடுத்துச் செல்லுங்கள், மறுபடியும் ஏறியிருந்தால் காட்டலாம்.

கப்பலில் ரொக்கம் புழங்காது, எல்லாம் அறை அட்டையில் ஏறும். கணக்கைக் கப்பலின் செயலியிலோ அறைத் தொலைக்காட்சியிலோ தினமும் பாருங்கள். தவறு இருந்தால் அன்றே சொல்லுங்கள்.

சேவையில் குறை இருந்தால் முதல் நாளே சொல்லுங்கள். சரிசெய்ய வாய்ப்புக் கொடுத்தும் சரியாகவில்லை என்றால், காரணத்தைச் சொல்லித் தொகையைக் குறைக்கக் கேட்பது உங்கள் உரிமை. அதில் தவறில்லை.

விலையை மறைத்து விற்கும் முறை பிடிக்கவில்லை என்றால், அதை நிறுவனத்துக்கு எழுதுங்கள், முகவரிடம் சொல்லுங்கள், அடுத்த முறை எல்லாம் அடக்கமான கப்பலைத் தேர்ந்தெடுங்கள்.

நம் பிள்ளைகள் கப்பல் வேலைக்குப் போனால்

கேட்டரிங் படித்த நம் ஊர்ப் பிள்ளைகளும் இந்தக் கப்பல்களில் வேலைக்குச் செல்கிறார்கள். பெற்றோர்கள் இரண்டு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, ஒப்பந்தத்தில் உள்ள சம்பளத்தில் எவ்வளவு உறுதியானது, எவ்வளவு டிப்ஸை நம்பியது? இரண்டு, வேலைக்கு அனுப்பும் ஏஜென்சி, கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் பெற்றதா? வேலை வாங்கித் தருவதற்காகக் கடல் தொழிலாளியிடம் கட்டணம் வாங்குவதை நாம் மேலே சொன்ன உடன்படிக்கை தடை செய்கிறது. லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

வரிசையிலிருந்து திரும்பி வந்த சகோதரரிடம் நாங்கள் சொன்னது இதுதான். நீங்கள் ஏமாறவில்லை. விலையை முழுதாகச் சொல்லாத முகவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உங்களுக்கு மீதி இருக்கிறது, அதைக் கேளுங்கள். ஆனால் உங்கள் அறையைச் சுத்தம் செய்தவருக்குப் பாக்கி வைக்காமல் கரை இறங்கியிருக்கிறீர்கள். பிறருடைய உரிமையைச் சுமக்காமல் வீடு திரும்பும் பயணங்களை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக.